வெண்கலக் கட்டைவிரலைத் துடைப்பவள்

மனித வாயின்மேல் எனக்குப் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. பிழைப்பே அதில்தான் என்றாலும். அல்லது பிழைப்பே அதில்தான் என்பதால். காலையிலிருந்து அதற்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு ஏதாவது ஆறுதல் கிடைக்க வேண்டும் என்று எந்தப் பல் டாக்டரும் எதிர்பார்ப்பாள். என் ஜன்னலுக்கு வெளியே தெரிவதும் வாய்கள்தான். வரிசையில் நிற்கிற வாய்கள்.

உலகத்தின் தென்கோடியில், ஜலசந்திக் கரையில் இருக்கிற ஊர் எங்கள் புந்தா அரேனாஸ். அதன் சதுக்கத்தின் நடுவில் மகெல்லன் சிலையாக நிற்கிறார். ஒரு சமுத்திரத்திலிருந்து இன்னொரு சமுத்திரத்துக்குக் கப்பல் போக வழி கண்டுபிடித்தவர் என்ற தோரணையில்தான் நிற்கிறார். ஆனால் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவருக்குக் கீழே, பீடத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பூர்வகுடி மனிதனின் கால் கட்டைவிரலுக்குத்தான் இங்கே மவுசு. அதை முத்தமிட்டுவிட்டுப் போகிறவர்கள் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வருவார்கள் என்பது ஐதீகம். மொத்தச் சிலையும் கறுத்துப் பாசி நிறத்தில் கிடக்க, அந்த ஒரு விரல் மட்டும் வாய் பட்டு வாய் பட்டுத் தங்கமாக மின்னுகிறது. அந்த மனிதனின் இனத்தை ஆட்டுப் பண்ணைகளுக்காகத் துரத்தித் துரத்திக் கொன்ற பிறகு, அவன் காலைப் பிடித்து "எங்களைத் திரும்பக் கூட்டி வா" என்று கேட்கிற ஊர் இது. திரும்பி வராதவர்கள் அவனுடைய ஆட்கள் மட்டும்தான்.

யார் யார் முத்தமிடுகிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. சுற்றுலாக் கப்பலில் வந்திறங்கும் உதட்டுச்சாயக் கிழவிகள், கடற்படையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள், மூக்கொழுகும் குழந்தைகளைத் தூக்கிப் பிடிக்கும் தகப்பன்கள், முந்தின நாள் குடித்தது இன்னும் வயிற்றில் தங்காதவர்கள். கடல் காக்கைகளும் தெருநாய்களும் உண்டு. அவற்றுக்கு ஐதீகம் தெரியாது. வேறு காரியமாக அந்தப் பீடத்துக்கு வரும். அதற்கும் அடுத்த முத்தத்துக்கும் நடுவில், ஒரு வாளியும் குளோரினில் நனைத்த துணியுமாக நிற்பவள்தான் எதெல்மிரா கார்கமோ. சதுக்கத்தைப் பெருக்குவது அவள் வேலை. விரலைத் துடைக்கச் சொல்லி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"சும்மா விட்டுட முடியல டாக்டரம்மா. பாத்தா வயித்தப் பொரட்டுது," என்பாள். "ஒவ்வொருத்தனும் முன்னாடி போனவனோட எச்சிலத்தான் முத்தங்குடுக்கறான். வெண்கலத்தத் தொட்டவன் ஒருத்தன்கூட இல்ல."

இவ்வளவு சுத்தக்காரி, பெருக்கி முடித்ததும் நினைவுப்பொருள் கடை போட்டிருக்கும் நோல்பெர்தாவின் பக்கத்தில் போய் உட்காருவாள். இருவருக்கும் நடுவில் தேயிலைபோல மாத்தே இலை வெந்நீரில் ஊறுகிற ஒரே சுரைக்குடுவை, ஒரே உலோகக் குழல். நோல்பெர்தா உறிஞ்சிவிட்டுக் கொடுப்பாள், இவள் உறிஞ்சிவிட்டுக் கொடுப்பாள். இதைப்பற்றி ஒருமுறை கேட்டேன். எதெல்மிரா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அது நோல்பெர்தா," என்றாள். அதோடு விஷயம் முடிந்துவிட்டது.

எதெல்மிரா பிறந்தது வடக்கே சிலோயே தீவில். மழை ஓயாத ஒரு கரை. உருளைக்கிழங்கும் பாசியும் தின்று வளர்ந்தவள். பதினாறு பதினேழு வயதில், கம்பளி கழுவும் ஆலையில் வேலை என்று சொல்லி ஜலசந்திக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். வழியெல்லாம் வாந்தி. நடுவில் ஒரு வளைகுடாவைத் தாண்டும்போது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி குடல்தான் பாக்கி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கப்பல் வேலைக்காரன் ஒருவன் பக்கத்தில் குந்தி வாளியைப் பிடித்துக்கொண்டான். பெயர் பெலிசாரியோ ஒஹேதா. ஒரு கையில் அவளுடைய வாளி, இன்னொரு கையில் அவனுடைய ரொட்டி. வாளியைப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்று முடித்தான்.

எதெல்மிரா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டாள். அவனுக்கு அருவருப்பு என்ற ஒன்றே கிடையாது என்பது விளங்குவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

அவன் கெட்டவன் என்று சொல்ல எனக்குத் தயக்கம். கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் முயற்சி வேண்டும். கை நீட்டியதில்லை. நீட்டியிருந்தால் துரத்த ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று அவளே சொல்வாள். சாப்பாட்டு மேஜையில் கால் நகம் வெட்டுவான். கொதிக்கிற சட்டிக்குள் கையில் இருக்கும் ரொட்டியை முக்கி எடுத்துக் கடித்துவிட்டு, கடித்த பக்கத்தை மறுபடி முக்குவான். மேல்வரிசைப் பல்செட்டு ஒன்றை நான்தான் அவனுக்குச் செய்து கொடுத்தேன். என் தொழிலில் நான் வெட்கப்படும் வேலைகளில் அது ஒன்று. பல்செட்டு நன்றாகத்தான் இருந்தது. அதைப் புகையிலைத் தூளோடு சேர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைவான் என்று எனக்கு அப்போது தெரியாது.

பிழைப்பு ஜலசந்தியில். சில நாள் மேற்கே கால்வாய்களுக்குள் ராட்சத நண்டு பிடிக்கப் போவான். நண்டுப் பொறிக்கு இரையாக அந்தக் காலத்தில் எதை வெட்டினார்கள் என்பது ஊருக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள்: படகின் முனையோடு விளையாடிக்கொண்டு கூடவே வருமே, அந்த டால்பின்களைத்தான். "பாவம்தான்," என்பான் பெலிசாரியோ, "ஆனா நண்டுக்குப் புடிக்குது." சில நாள் கிழக்கே அட்லாண்டிக் பக்கம் கணவாய்க் கப்பலுக்குப் போவான். சில நாள் இரண்டு பக்கமும் போகாமல் நேர் எதிர்க்கரைக்கு, பொர்வெனீருக்குப் போவான். அங்கே ரொட்டிக் கடை வைத்திருந்த ஒரு விதவை இருந்தாள். எங்கே போவதானாலும், எதிர்க்கரைக்கே ஆனாலும், முதலில் சதுக்கத்துக்கு வருவான். தொப்பியைக் கழற்றுவான். மரியாதைக்காகப் பல்செட்டையும் கழற்றுவான். விரலைச் சத்தம் வரும்படி முத்தமிட்டுவிட்டுப் போவான். விரல் அவனை ஒருநாளும் கைவிட்டதில்லை.

போன இடத்தில் சலித்ததும் வந்து நிற்பான். கதவைத் தட்டுவான். எதெல்மிரா திறப்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது, "மறுபடியும் சேத்துக்கிட்டியா?" என்று கேட்டால், ஒரே பதில்தான்.

"வெரல் கொண்டாந்து விட்டுடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

ஒருமுறை விதவை பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, முழங்கையில் கிழிந்திருக்கிறது, தைத்துக் கொடு என்றான். தைத்துக் கொடுத்தாள். இதைச் சொன்னபோது என் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அதே நிற நூல் தேடி வேற வாங்கினேன் டாக்டரம்மா," என்றாள் நாற்காலியில் படுத்தபடி. "இப்ப நெனச்சா எனக்கே குமட்டுது. என்னத்தச் சொல்ல! வெரல் கொண்டாந்து விடுது. அந்த மகெல்லன் கண்டுபுடிச்சானே இந்தக் கடலு, இதுக்கு ரெண்டு வாய். மேற்கு வாய் வழியா துப்பினா கிழக்கு வாய் வழியா உள்ள வந்துடறான்."

ஐதீகங்களை நம்புகிறாளா என்று கேட்டால் சிரிப்பாள். மாதா கோயிலுக்குப் போகமாட்டாள், பேய்க்குப் பயப்படமாட்டாள், சிலோயேக்காரர்களின் சூனியக் கதைகளைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். இந்த விரலை மட்டும் நம்பினாள். நம்புவதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அது மேஜையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஜனவரியில், இங்கே அதுதான் கோடை, பெலிசாரியோ வீட்டுக்கு வந்து பெரிய சேதி ஒன்றைச் சொன்னான். மேற்கு வாய் வழியாக வெளியேறி வடக்கே போகும் ஒரு பழைய சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது. பல வருஷ ஒப்பந்தம். பொர்வெனீர் விதவைக்கும் கையை ஆட்டிவிட்டான். எதெல்மிராவுக்கு நெஞ்சு துள்ளியது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ரொம்ப வருஷம் ஆகுமா?" என்று கேட்டாள்.

"ஆகும்டி. ஒடம்பு ஓடற வரைக்கும் ஓட வேண்டியதுதான்." சட்டியில் ரொட்டியை முக்கினான். "கவலப்படாத. எங்க போனாலும் கடைசிக் காலத்துக்கு நீதான். இடுப்பு விழுந்துட்டா என்னைத் தொடச்சி விட உன்ன விட்டா யாரு? நீ நல்லா தொடைப்ப."

அன்றே என்னிடம் வந்தாள். பல்வலி என்று சொல்லித்தான் வந்தாள். பல்லில் ஒன்றும் இல்லை.

"டாக்டரம்மா, இந்தத் தடவ அவன் வெரல முத்தங்குடுக்கக் கூடாது."

"குடுக்கலேன்னா?"

"வரமாட்டான்."

"முத்தமிட்டதனால்தான் வர்றான்னு உறுதியா நம்பறீங்களா?"

"பின்ன எதனால வர்றான்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். எனக்கு ஒரு பதில் தோன்றியது. படித்தவளுக்குரிய கோழைத்தனத்தோடு அதை விழுங்கிவிட்டு, பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினேன்.

கப்பல் புறப்படும் நாள் வந்தது. ஜனவரிக் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூலைக்கு மூலை பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். காலையில் ஜன்னலைத் திறந்தபோது பார்த்தேன். பூர்வகுடியின் கால் முழங்கால்வரை கறுப்புப் பிளாஸ்டிக் பையில். நைலான் கயிற்றால் இறுக்கிச் சுற்றி, மீனவர்கள் போடும் முடிச்சு. பக்கத்தில் ஒரு அட்டை: பராமரிப்புப் பணி நடக்கிறது. எதெல்மிரா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு காவல் நின்றாள். எந்தப் பணியும் நடக்கவில்லை.

அவள் கணக்கில் ஒன்றைச் சேர்க்க மறந்திருந்தாள். அன்றைக்குத்தான் ஒரு சுற்றுலாக் கப்பல், பசிபிக்கிலிருந்து ஜலசந்திக்குள் நுழைந்து துறையில் கட்டியிருந்தது. பத்து மணிக்குள் சதுக்கம் நிரம்பிவிட்டது. விரலை முத்தமிடப் பாதி உலகத்தைச் சுற்றி வந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் பை ஒரு தடையே இல்லை. முதலில் நின்ற அம்மாள் பையையே முத்தமிட்டாள். அடுத்தவரும் முத்தமிட்டார். குப்பைப் பையின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக உதட்டுச்சாயம் படிந்துகொண்டு போவதைப் பார்த்த எதெல்மிராவின் முகத்தில் தெரிந்ததை நான் ஜன்னலிலிருந்தே படித்தேன். மனித குலத்தைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்த கொஞ்ச நல்லெண்ணமும் அங்கே போய்விட்டது.

சுற்றுலா வேலைகளைப் பார்க்கும் யாஸ்னா ஓடி வந்தாள். இளம்பெண்; கையில் வாக்கி டாக்கி, தலைமுடி முழுக்கக் காற்று.

"யாரு கட்டச் சொன்னது இத? அம்மா, உங்களத்தான் கேக்கறேன்!"

"பூஞ்சை புடிச்சிருக்கு மேடம்."

"வெண்கலத்துல பூஞ்சையா?"

"இத்தன வாய் பட்டா இரும்புலகூட புடிக்கும்."

"அவுத்து விடுங்கம்மா, ப்ளீஸ். கப்பல் முழுக்க ஜனங்க. இதப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

"மேடம், நீங்க இத முத்தங்குடுத்திருக்கீங்களா?"

யாஸ்னா வாக்கி டாக்கியை இறக்கினாள். "காலேஜுக்குப் போறப்ப," என்றாள்.

"பாத்தீங்களா? திரும்பி வந்துட்டீங்க. இப்ப இந்தக் காத்துல நின்னு என்னோட சண்ட போட்டுட்டிருக்கீங்க. தேவையா?"

நோல்பெர்தா கடையிலிருந்து வாய்விட்டுச் சிரித்தாள். யாஸ்னா தன் கையாலேயே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். சிலோயே முடிச்சு, ஈரம் பட்டால் இன்னும் இறுகும். நகம் உடைந்ததுதான் மிச்சம். கத்தி தேடிக்கொண்டு ஓடினாள்.

அப்போதுதான் பெலிசாரியோ வந்தான். தோளில் மூட்டை, வாயில் பாதி சாப்பாடு. வரிசையைப் பார்த்தான், பையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"என்னடி இது, கால்ல கட்டி வந்துருச்சா?"

"வேல நடக்குது. போயிடு. கப்பல் கெளம்பிடும்."

"முத்தங்குடுக்காம எப்படிப் போறது? என்னைக்காவது போயிருக்கேனா?"

"யோவ், இந்த வெரல்மேல என்னெல்லாம் இருக்கும்னு தெரியுமா உனக்கு?" குரலைத் தாழ்த்தாமல், வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி அவள் சொல்லிக்கொண்டு போனாள். குடிகாரன் துப்பியது, நாய் நனைத்தது, காக்கை போட்டது, புண்வாய்க்காரன் ஒருவன் விட்டுப்போன பொருக்கு, ஒரு குழந்தையின் மூக்கிலிருந்து வந்து துணியில் ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரி நீண்டது. பாஷை புரியாத சுற்றுலாக்காரர்கள் தலையாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பாஷை புரிந்த இரண்டு பேர் வரிசையிலிருந்து நழுவினார்கள். இரண்டாம் மாடியில் எனக்கே ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

பெலிசாரியோ முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"அதான் சேதியா?" என்றான். "இதவிட மோசமா தின்னுருக்கேன்."

தொப்பியைக் கழற்றினான். பல்செட்டைக் கழற்றினான். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மடக்குக் கத்தியை எடுத்து முடிச்சை அறுக்கக் குனிந்தான். காற்று எங்கிருந்தோ ஒரு அறை விட்டது. தடுமாறிக் கயிற்றைப் பிடித்தான். பல்செட்டு கல்தரையில் விழுந்து துள்ளியது. சதுக்கத்து நாய்களில் மூத்தது ஒன்று உண்டு, அட்மிரல் என்று கூப்பிடுவோம். பெலிசாரியோவின் பல்செட்டில் என்ன வாசனை கண்டதோ, ஒரே கவ்வு. புகையிலையும் நண்டும் பழைய சூப்பும் சேர்ந்த அதைவிட உயர்ந்த விருந்து ஒரு நாய்க்குக் கிடைக்காது.

"புடி! அந்த நாயப் புடி! ஏய், என் பல்லு!"

நாய் மகெல்லனை மூன்று சுற்றுச் சுற்றியது. பெலிசாரியோவும் சுற்றினான். வரிசையில் நின்றவர்கள் இதுவும் உள்ளூர் வழக்கம்போல என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்போது துறைமுகத்திலிருந்து சரக்குக் கப்பலின் சங்கு, ஒரு முறை, மறுபடி. அவன் நின்றான். ஒரு பக்கம் பல், ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் கப்பல். மனிதன் யோசிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அவன் யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஒன்றையும் முத்தமிடாமல், பொக்கை வாயோடு துறையைப் பார்த்து ஓடினான்.

எதெல்மிரா துடைப்பத்தோடு அப்படியே பீடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டாள். யாஸ்னா கத்தியோடு வந்து பையை அறுத்தாள். வரிசை நகர்ந்தது.

சாயங்காலம் ஒரு பெஞ்சுக்கு அடியில், நாய்க்கும் பிடிக்காமல் போய்விட்ட பல்செட்டு கிடைத்தது. எதெல்மிரா அதைத் துணியால் எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் குளோரின் ஊற்றி அதற்குள் போட்டு, வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அவள் வீடு மேட்டில் இருக்கிறது. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஜலசந்தி முழுதும் தெரியும். இரண்டு பக்கமும் கப்பல்கள் போக, நடுவில் ஒரு தம்ளருக்குள் பெலிசாரியோ சிரித்துக்கொண்டிருந்தான்.

"தூக்கிப் போடலாமே," என்றேன்.

"அவன் பொருளு டாக்டரம்மா. போட்டுட்டா, அதக் கேட்டு வர்றதுக்கு ஒரு சாக்காயிடும்."

வைத்திருந்தாலும் சாக்குத்தான் என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் இருந்ததுபோல அவளை நான் பார்த்ததில்லை. சட்டிக்கு மூடி வாங்கினாள். மேஜையைத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் நிறத்தையே மாற்றினாள். தகரச் சுவருக்கு மஞ்சள் பூசினாள். சதுக்கத்தில் பெருக்கும்போது பாட்டுகூட வந்தது, சுதி சேராத பாட்டு. "என்னடி மிரா, புருஷன் போனா அழுவாங்க, நீ கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்கற," என்று நோல்பெர்தா சீண்டினால், "வெரல்ல வாய் படல. அதுக்கு இந்த மினுக்கு," என்பாள். விரலைத் துடைப்பதைக் கூடக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள். பகையாளி தோற்றுவிட்டால் அவன்மேல் கொஞ்சம் இரக்கம் வரும் அல்லவா, அந்த மாதிரி.

இலையுதிர்காலம் தொடங்கி முதல் பனி விழுவதற்குள் பெலிசாரியோ வந்துவிட்டான்.

மேற்கு வாய் வழியாகப் போனவன் கிழக்கு வாய் வழியாக வந்தான். வடக்கே ஏதோ துறையில் கப்பல்காரர்கள் அவனை இறக்கிவிட, வேறு ஒரு கப்பலில் தொற்றி, பனாமா கால்வாயைத் தாண்டி, அட்லாண்டிக் பக்கமாக ஒருவழியாக ஊர் சேர்ந்திருக்கிறான். இடுப்பில் பிடிப்பு. அதற்கு மேல் நடந்ததை எனக்குச் சொன்னவள் நோல்பெர்தா. அன்றைக்கு அவள் எதெல்மிரா வீட்டில் மாத்தே குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் என் நாற்காலியில் வாயில் பஞ்சோடு படுத்துக்கொண்டு, நான் எவ்வளவு தடுத்தும் கேளாமல் சொல்லி முடித்தாள்.

கதவு தட்டப்பட்டது. அந்தத் தட்டல் இருவருக்கும் தெரியும்.

"மிரா, தொற. நாந்தான்."

"தெரியுது," என்றாள் எதெல்மிரா உள்ளிருந்து. "உனக்கு முன்னாடியே உன் நாத்தம் வந்துடுச்சு."

ஆனால் எழுந்து போய்விட்டாள். போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள். "பழக்கம் டாக்டர், கால் அது பாட்டுக்குப் போகுது," என்றாள் நோல்பெர்தா. வெளியே அவன் சிரித்தான். பல்லில்லாத சிரிப்பு, காற்று அதிகம்.

"பாத்தியாடி! அன்னிக்கு வெரல முத்தங்கூடக் குடுக்கல. அப்பவும் வந்துட்டேன் பாத்தியா? இப்பவாச்சும் புரியுதா, நான் உனக்காகத்தான் வர்றேன்னு?"

எதெல்மிராவின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப இத்தன வருஷமும் வெரல் கொண்டாரலியா?" என்று எதெல்மிரா கேட்டாள்.

"வெரலா? அது வெண்கலம்டி, பைத்தியம். அது என்னத்தக் கொண்டாரும்? எல்லாரும் குடுக்கறாங்கன்னு நானும் குடுப்பேன். வந்து தட்டினா நீ தொறப்ப. தொறப்பன்னு தெரியும், வருவேன். அவ்ளோதான். தொற, இடுப்பு வலிக்குது."

எதெல்மிரா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாளாம். எடுத்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாளாம், சதுக்கத்தில் துடைத்த துணியைப் பிழிவதற்கு முன் பார்ப்பாளே, அதே மாதிரி. "அப்ப கதவத் தொறந்தது நாந்தானா," என்றாளாம், நோல்பெர்தாவிடமும் இல்லை, அவனிடமும் இல்லை. பிறகு தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினாள். நோல்பெர்தா சொன்னபடி பார்த்தால் முழங்கைவரை கழுவினாள்.

அப்புறம் ஜன்னலைத் திறந்து தம்ளரை நீட்டினாள்.

"இந்தா உன் பல்லு. வாங்கிக்க."

"கதவு?"

"கதவு சாத்திருக்கு."

"யாரு சாத்தினா?"

"நான்."

அவன் ஜன்னலுக்கு வந்தான். கெஞ்சினான், திட்டினான், இடுப்பைப் பற்றிச் சொன்னான், வாளி பிடித்த கதையைச் சொன்னான். ரொட்டி தின்ற கதையை எதெல்மிரா ஜன்னலுக்குள்ளிருந்து சேர்த்துக்கொண்டாள். கடைசியில் அவன் தம்ளரை வாங்கி, குளோரினைக் கீழே ஊற்றிவிட்டுப் பல்செட்டை வாயில் போட்டுக்கொண்டான். நோல்பெர்தாவுக்கு அதைப் பார்த்துத்தான் ஓங்கரித்தது.

இதையெல்லாம் நான் கேட்டு முடித்துப் பஞ்சை எடுத்தபோது, கீழே சதுக்கத்தில் ஆளையே பார்த்தேன். பெலிசாரியோ. மூட்டையோடு. பொர்வெனீர் படகுக்குப் போகிற வழி. விதவையின் கதவை முயற்சி செய்து பார்க்கப் போகிறான் போல. நோல்பெர்தா பாதி மரத்த வாயோடு, கடையை அப்படியே விட்டு வந்தேனே என்று சொல்லிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அவள் பின்னாலேயே நானும் இறங்கிவிட்டேன். அடுத்த நோயாளி காத்திருக்கட்டும், வாய் எங்கும் போய்விடாது.

பெலிசாரியோ பீடத்தின் முன்னால் நின்றான். எதெல்மிரா வாளியோடு அங்கேயே இருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான், பல்லைக் கழற்றினான், அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

"தடுக்கலியா?"

"எதுக்கு? நல்லா முத்தங்குடு. அவசரமே இல்ல."

அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விரலைக் குனிந்து முகர்ந்து பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ வாயில் வைக்கும் முன் அவன் முகர்ந்து பார்த்தான்.

"ஏன்டி, இப்ப உனக்குப் பயமில்லையா?"

"இது ஊருக்குத்தான்யா கொண்டாந்து விடும்," என்றாள் எதெல்மிரா. "வீட்டுக்குக் கொண்டாந்து விடறேன்னு இது என்னைக்கும் சொன்னதில்ல. நாமதான் சேத்து நெனச்சிட்டோம். வா, தாராளமா வா. ஊரு பெருசு."

அவன் முத்தமிட்டான். பழைய சத்தம் இல்லை, கடமைக்கு ஒன்று. மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி, காற்றுக்குச் சாய்ந்து துறைப் பக்கம் நடந்தான்.

எதெல்மிரா துணியை முக்கினாள். விரலை நுனியிலிருந்து அடிவரை, இடுக்கு விடாமல் துடைத்தாள். துணியைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், பிழிந்தாள். பிறகு கடைப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். நோல்பெர்தா, கோணிய வாயால் எச்சில் வடிய வடிய உறிஞ்சிவிட்டுக் குடுவையை நீட்டினாள். எதெல்மிரா அதை வாங்கி, குழலைத் துடைக்காமல், வாயில் வைத்துக்கொண்டாள்.